சர்ச்சுவில் ஸ்டார்ட் ஆக மறுத்த 350 சி.சி. வண்டி: கார்துங் லா போகும் முன் என்ன செய்யலாம்?

வெள்ளியங்கிரிவாசி | கோயம்புத்தூர், இப்போது லேயில்

நண்பர்களுக்கு வணக்கம். மணாலி வழியாக லடாக்கின் லே வந்து சேர்ந்திருக்கிறேன். வண்டி 2013 மாடல், 350 சி.சி., ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்). செல்ஃப், கிக்கர் இரண்டும் உண்டு.

மணாலியில் எந்தத் தொல்லையும் இல்லை. கேலாங்கில் காலையில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. சர்ச்சுவில் கூடாரத்தில் தங்கிய மறுநாள் காலை சுத்தமாக மறுத்துவிட்டது. செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது, என்ஜின்தான் பற்றவில்லை. சோக்கை (குளிரில் கிளப்பக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் பிடி) இழுத்து, ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே கிக்கரை உதைத்ததில் எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். கடைசியில் கூடாரத்துக்காரர்கள் சரிவில் தள்ளிவிட்டுக் கிளப்பினார்கள். கறுப்புப் புகை, பெட்ரோல் நெடி. பாங் தாண்டிய பிறகு மோரே சமவெளியில் நன்றாக ஓடியது. தாங்லாங் லா கணவாய் ஏற்றத்தில் மறுபடி திணறியது.

லேயில் ஒரு மெக்கானிக் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் முக்கியத் துளை) சிறியதாக மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார். அடுத்து கார்துங் லா, நுப்ரா, பாங்காங், ஹான்லே என்று திட்டம். யார் சொல்வதைக் கேட்பது?

மதுரை_பட்டறை | மதுரை

தம்பி, ஃபில்டரைக் கழற்றச் சொன்னவர் தெரியாமல் சொல்லவில்லை. மேலே காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு வருகிறது. காற்றுக்கு வழி விட்டால் கலவை சரியாகிவிடும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கொடைக்கானல் ஏறும்போது நாங்கள் செய்து பார்த்ததுதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா? என்ன நிறம்?

வெள்ளியங்கிரிவாசி

பார்த்தேன் அண்ணா. முனை முழுவதும் கறுப்புக் கரி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஈரமாகவும் இருந்தது.

இ.எம்.இ_ஓய்வு | காட்பாடி

ராணுவத்தின் இ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியியல்) படைப்பிரிவில் வண்டி பழுதுபார்க்கும் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். லடாக்கிலும் பணி செய்திருக்கிறேன். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் தம்பி இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி, தலைவலி, வாந்தி, தூக்கமின்மை ஏதாவது இருக்கிறதா? மணாலி சுமார் 2,050 மீட்டர், சர்ச்சு சுமார் 4,290. அந்த உயரத்தில் விடியற்காலையில் கிக்கரை உதைத்து மூச்சு வாங்கியது என்கிறீர்கள். வண்டிக்குக் குறைகிற அதே காற்றுதான் உங்கள் நுரையீரலுக்கும் குறைகிறது. லேயில் 48 மணி நேரமாவது ஓய்வெடுத்த பிறகுதான் கணவாய் ஏற வேண்டும். வண்டி காத்திருக்கும்.

இரண்டாவது, வழியில் எங்காவது நிறுத்தி, என்ஜின் சூடாக இருக்கும்போதே மறுபடி ஸ்டார்ட் செய்தீர்களா? அப்போதும் முரண்டு பிடித்ததா, அல்லது காலையில் மட்டும்தானா?

மலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருகிறவர்கள் எல்லோரும் உயரத்தையும் குளிரையும் ஒரே நோயாகப் பேசுகிறார்கள். இரண்டும் எதிரெதிரான நோய்கள். உயரத்தில் காற்று குறைந்து, கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. குளிரில் பெட்ரோல் ஆவியாகாமல், எரியக்கூடிய பெட்ரோல் குறைந்துவிடுகிறது. ஒன்றுக்குச் சோக் தேவை, மற்றொன்றுக்குச் சோக் எதிரி. எது உங்கள் வண்டியைப் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் ஜெட்டை மாற்றினால், வீட்டுக்குத் திரும்பிய பிறகும் வண்டி பழையபடி ஓடாது.

வெள்ளியங்கிரிவாசி

லேசான தலைவலி இருந்தது ஐயா, இப்போது இல்லை. நாளையும் லேயில்தான் இருக்கப்போகிறேன்.

பாங்கில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். பத்து நிமிடம்கூட இருக்காது, என்ஜின் சூடாகவே இருந்தது. அப்போதும் உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. உடன் வந்த நண்பர் ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்துவைத்து உதைத்தார், இருமிக்கொண்டே கிளம்பியது.

இ.எம்.இ_ஓய்வு

அப்படியானால் வழக்கு பாதி முடிந்தது. சூடான என்ஜின், சோக் இல்லை, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்ததும் பற்றுகிறது, பிளக்கில் ஈரக் கரி. பேட்டரியும் குளிரும் முதல் குற்றவாளிகள் அல்ல. கலவையில் பெட்ரோல் அதிகம். சர்ச்சுக் காலையில் அதன்மேல் சோக்கையும் இழுத்ததால் பிளக் முழுகிவிட்டது.

சோக்கைப் பற்றி ஒன்று. இந்த வகைக் கார்புரேட்டர்களில் சோக் என்பது காற்றை மூடும் தகடு அல்ல. தனியாக ஒரு பெட்ரோல் வழி. என்ஜினின் உறிஞ்சல் அதை இழுக்க வேண்டுமானால் ஆக்சிலேட்டர் மூடியிருக்க வேண்டும். சோக்கையும் இழுத்து ஆக்சிலேட்டரையும் முறுக்கினால் அந்த வழி சரியாக வேலை செய்யாது. சோக் போட்டால் முறுக்கக்கூடாது, முறுக்கினால் சோக் இருக்கக்கூடாது.

இயற்பியல்_ஆசிரியர் | திருச்சிராப்பள்ளி

ஹவில்தார் ஐயா சொன்ன "பெட்ரோல் மிகுதி" எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார்புரேட்டர் காற்றின் எடையை அளப்பதில்லை. தொண்டைப் பகுதியில் ஓடும் காற்றின் அழுத்தக் குறைவை வைத்துப் பெட்ரோலை இழுக்கிறது. அடர்த்தி குறையும்போது காற்றின் எடை அதே விகிதத்தில் குறைகிறது. பெட்ரோல் அடர்த்தியின் வர்க்கமூலத்தின் விகிதத்தில்தான் குறைகிறது. அந்த இடைவெளிதான் கறுப்புப் புகையாக வெளியே வருகிறது.

திட்ட வளிமண்டலக் கணக்குப்படி சர்ச்சு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 65 சதவீதம். எனவே கலவை சுமார் 24 சதவீதம் செறிவாகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றிருந்தால், அங்கே அது 12 பங்குக்கும் கீழே போய்விடும். கார்துங் லா 5,359 மீட்டர். அங்கே அடர்த்தி 58 சதவீதம், செறிவு 30 சதவீதத்துக்கு மேல். மணாலியிலேயே 10 சதவீதம் ஏறியிருக்கும், ஆனால் அந்த அளவை என்ஜின் தாங்கிக்கொள்ளும். வண்டி படிப்படியாக மோசமானதன் காரணம் இதுதான்.

இது எளிய கார்புரேட்டரின் கணக்கு. உறிஞ்சலால் பிஸ்டன் மேலெழும் வகையாக இருந்தால் இந்தப் பிழையில் ஒரு பகுதியை அது தானே சரிசெய்துகொள்ளும், முழுவதையும் அல்ல.

மதுரை_பட்டறை

அதைத்தான் நானும் சொல்கிறேன். கலவை செறிவாகிவிட்டது, ஃபில்டரை எடுத்தால் நீர்த்துவிடும். கணக்கும் என் பக்கம்தானே?

இ.எம்.இ_ஓய்வு

கலவை நீர்க்கும், மறுக்கவில்லை. அதனால்தான் அந்த யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் மோரே சமவெளியில் முன்னால் ஒரு லாரி போனால் என்ன ஆகும் என்று தம்பியைக் கேளுங்கள். மாவு போன்ற மண். ஃபில்டர் இல்லாமல் அது நேராக சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும். கொடைக்கானல் தார்ச்சாலையில் செய்ததை லடாக் மண்ணில் செய்யக்கூடாது. ஒரு வேளைச் சிக்கலைத் தீர்க்க என்ஜினின் ஆயுளைக் கொடுக்க வேண்டியதில்லை.

மதுரை_பட்டறை

மண் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன், நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கவாவது வேண்டும். மணாலியிலிருந்து அந்தப் புழுதியைக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அடைத்துப்போன ஃபில்டரும் கலவையைச் செறிவாக்கும்; உயரம் பாதி, அடைப்பு பாதியாக இருக்கலாம். தாள் ஃபில்டர் என்றால் தட்டி, உட்புறத்திலிருந்து மெதுவாக ஊத வேண்டும். பெட்ரோலில் கழுவக்கூடாது. புதிதாகக் கிடைத்தால் மாற்றிவிடுவது நல்லது.

இ.எம்.இ_ஓய்வு

இது முதல்தரமான ஆலோசனை. தம்பி நாளைக் காலையில் முதலில் இதைச் செய்யட்டும்.

வெள்ளியங்கிரிவாசி

செய்கிறேன். மெயின் ஜெட் பற்றி யாரும் சொல்லவில்லையே? அந்த மெக்கானிக்கின் கடையில் சிறிய ஜெட் இருக்கிறது, உடனே மாற்றித் தருவதாகச் சொல்கிறார். கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) சோதித்துப் பார்த்து, மிகக் குறைவாக இருக்கிறது, ரிங் தேய்ந்திருக்கலாம் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கவலையாக இருக்கிறது.

இயற்பியல்_ஆசிரியர்

கவலைப்படாதீர்கள். அந்த அளவுமானி எவ்வளவு காட்டியது? லேயின் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 65 சதவீதம். சிலிண்டருக்குள் போகிற காற்றே குறைவாக இருக்கும்போது, அழுத்திய பின் வரும் எண்ணும் அதே விகிதத்தில் குறையும். கோவையில் 8 கிலோ காட்டுகிற நல்ல என்ஜின் லேயில் 5 கிலோவை ஒட்டித்தான் காட்டும். இந்தத் திருத்தம் செய்யாமல் ரிங்கைக் குறை சொல்லக்கூடாது.

வெள்ளியங்கிரிவாசி

ஐந்துக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அப்பாடா.

இ.எம்.இ_ஓய்வு

ரிங் நன்றாக இருக்கிறது. என்ஜினைப் பிரிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இப்போது மெயின் ஜெட். ஆக்சிலேட்டரை முக்கால் பங்குக்கு மேல் திறக்கும்போதுதான் அதற்கு வேலை. நடுவில் கார்புரேட்டர் ஊசியின் ஆட்சி. ஸ்டார்ட் ஆவதும் ஐடிலிங்கில் நிற்பதும் பைலட் ஜெட்டும் அதன் திருகும் பார்க்கும் வேலை. உங்கள் முதல் புகார் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது; மெயின் ஜெட்டை எவ்வளவு சிறிதாக்கினாலும் அது தீராது. ஏற்றத்தில் திணறுவது கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். அதற்கும் விலை உண்டு. சிறிய ஜெட்டோடு சமவெளிக்கு இறங்கி, சண்டிகர் நெடுஞ்சாலையில் முறுக்கினால் கலவை வறண்டு என்ஜின் கொதிக்கும், பிஸ்டனே உருகலாம். சில நாள் மலைக்காக அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

திருகை மட்டும் சரிசெய்யுங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கார்புரேட்டரில் அந்தத் திருகு ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு. வெளியே சுற்றினால் காற்று கூடும், கலவை நீர்க்கும். என்ஜின் பக்கம் இருந்தால் அது கலவைத் திருகு; உள்ளே சுற்றினால்தான் நீர்க்கும். இரண்டுக்கும் திசை தலைகீழ். பார்க்காமல் சுற்றினால் நோய் முற்றும். உங்களுடையது எந்தப் பக்கம்?

வெள்ளியங்கிரிவாசி

என்ஜின் பக்கம், அடியில் இருக்கிறது.

இ.எம்.இ_ஓய்வு

அப்படியானால் உள்ளே. செய்யும் முறை இது: முதலில் திருகை மெதுவாக உள்ளே சுற்றி, அடி தட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணித் தாளில் எழுதுங்கள். அடி தட்டியதும் இறுக்கக்கூடாது, ஊசிமுனை கெட்டுவிடும். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, என்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிங்கில் விட்டு, கால் கால் சுற்றாக உள்ளே கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறையும் சில வினாடி காத்திருந்து காதால் கேளுங்கள். என்ஜின் வேகம் ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் மேலும் ஏறாமல் இறங்கத் தொடங்கும். ஏறி நின்ற இடம்தான் லேயின் இடம். அதன் பிறகு ஐடிலிங் திருகைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மேலே என்ஜின் தானாகவே தணிந்து நின்றுபோகும் குணம் உண்டு.

புதிய பிளக் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கரி பிடித்ததைத் துடைத்து இன்னொரு பையில்.

நீலகிரி_டீசல் | உதகமண்டலம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பழைய டீசல் ஜீப். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது, வெள்ளைப் புகை. மேட்டுப்பாளையத்தில் இரவு நிறுத்தினால் ஒரே சுற்றில் கிளம்புகிறது. இதுவும் உயரக் கோளாறுதானா?

இ.எம்.இ_ஓய்வு

ஊட்டி 2,240 மீட்டர்தான். உயரத்துக்கு அதில் சிறு பங்கு உண்டு, பெரும்பங்கு குளிருக்கு. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்துவதால் வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். காற்றும் குறைந்து, சிலிண்டரும் சில்லிட்டிருந்தால் அந்தச் சூடு போதாது. எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வருகிறது. சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். நான்கில் இரண்டு செத்திருந்தாலும் கீழே தெரியாது, உறைபனியில் காட்டிக்கொடுக்கும். அவற்றுக்கு மின்சாரம் அனுப்பும் ரிலேயையும் பாருங்கள். பிறகு பேட்டரி. உறைநிலையில் அதன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், அதே நேரத்தில் எண்ணெய் கெட்டியாகி மோட்டாருக்குச் சுமையும் கூடும்.

நுவரெலியா_தோழன் | இலங்கை

எங்களுடைய ஊர் 1,868 மீட்டர். முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன், கார்புரேட்டர்தான். காலையில் சோக் இல்லாமல் எழும்பாது, சூடானபின் எந்தக் குறையும் இல்லை. ஐயா சொன்ன கேள்வியை வைத்துப் பார்த்தால் இது குளிர்தான், இல்லையா? திருகில் கைவைக்கத் தேவையில்லையே?

இ.எம்.இ_ஓய்வு

தேவையே இல்லை. சூடானபின் குறையில்லை என்றால் கலவை சரியாக இருக்கிறது. சோக்கை மட்டும் சீக்கிரம் மூடிவிடுங்கள்.

தனிப்பயணி | சென்னை

நான் பி.எஸ்.6 வண்டியில் ஹான்லே வரை போய்வந்தவள். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், கார்புரேட்டரும் கிக்கரும் கிடையாது. அழுத்தம் அளக்கும் சென்சார் இருப்பதால் கலவையை வண்டியே பார்த்துக்கொள்கிறது. கார்துங் லாவில் இழுவை குறைந்ததே தவிர, ஸ்டார்ட் ஆவதில் சிக்கல் இல்லை. ஹான்லேயில் காலையில் மட்டும் நின்றுவிட்டது. காரணம் பேட்டரி. முந்தின நாள் முழுவதும் கூடுதல் விளக்கு, கைப்பிடி ஹீட்டர், கைபேசி சார்ஜர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

இங்கே கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் நினைப்பது போல இதைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியவில்லை. பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்பும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வும் உயிர்பெறாது. ஊர்க்காரர் ஒருவரின் காரிலிருந்து மின்சாரம் எடுத்துத்தான் கிளம்பினேன். இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்கள் ஜம்பர் வயர் எடுத்துச் செல்லுங்கள், சாவியைத் திருப்பியதும் பம்பின் ஓசை அடங்கும்வரை காத்திருந்து பிறகு பொத்தானை அழுத்துங்கள், ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள்.

இயற்பியல்_ஆசிரியர்

முக்கியமான குறிப்பு. இன்னொன்றும் சேர்க்கலாம். பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் வெளிக்காற்றின் அழுத்தத்தை, சாவியைத் திருப்பி என்ஜின் சுற்றத் தொடங்குவதற்கு முன்புதான் இ.சி.யு. படிக்கிறது. நீண்ட ஏற்றத்துக்குப் பின் வண்டி தடுமாறினால், நிறுத்தி, சாவியை அணைத்துப் போடுவது பல வேளைகளில் உதவும்.

வெள்ளியங்கிரிவாசி

லேக் கடைவீதியில் ஆக்டேன் பூஸ்டர் விற்கிறார்கள். அது உதவுமா? கேனில் கூடுதல் பெட்ரோலும் எடுத்துச் செல்ல வேண்டும்.

இயற்பியல்_ஆசிரியர்

பூஸ்டர் வேண்டாம். ஆக்டேன் என்பது அழுத்தத்தில் தானே வெடித்துவிடாமல் தாங்கும் திறன். மேலே அழுத்தமே குறைவு, தேவையும் குறைவு. அமெரிக்காவின் கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் சமவெளியை விடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலையே சாதாரணமாக விற்கிறார்கள். ஸ்டார்ட் ஆவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

கேனைப் பற்றி: லேயில் மூடியது கார்துங் லாவில் உப்பிக்கொள்ளும். மூடியைச் சற்றே தளர்த்தி, காற்று வெளியேறிய பின் திறக்க வேண்டும், சூடான என்ஜினுக்குப் பக்கத்தில் அல்ல. வண்டியின் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை புழுதியால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளியங்கிரிவாசி | மறுநாள் மாலை

ஃபில்டரைக் கழற்றினோம். மதுரை அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. மடிப்புகளுக்குள் மண் அடைந்து கிடந்தது. புதியது கிடைத்தது, மாற்றியாயிற்று. திருகு முன்பு இரண்டரைச் சுற்றில் இருந்தது. இப்போது ஒன்றே முக்காலில் நிற்கிறது. புதிய பிளக். சூட்டில் செல்ஃபைத் தொட்டதும் கிளம்புகிறது. மெயின் ஜெட்டைத் தொடவில்லை.

இ.எம்.இ_ஓய்வு

நல்லது. இரண்டரை என்பதைக் கைபேசியில் மட்டும் வைக்காமல், டேங்க் அடியில் ஒட்டுப்பட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

இரவில் பெட்ரோல் குழாயை மூடுங்கள். காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் சுவர் ஓரமாக நிறுத்தி, என்ஜின் ஆறிய பிறகு போர்த்துங்கள். விடிந்ததும் அவசரப்படாமல் வெயில் படட்டும். குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் இரண்டு உதை. இருமினால் உடனே சோக்கைப் பாதியாக்குங்கள். இருமவே இல்லை, பெட்ரோல் நெடி வருகிறது என்றால் முழுகிவிட்டது: குழாயை மூடு, சோக்கை மூடு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திற, சில உதை. அதற்கும் மசியாவிட்டால் பிளக்கை மாற்று. இடையிடையே உட்கார்ந்து மூச்சு வாங்குங்கள். லாரிக்காரர்கள் எண்ணெய்த் தொட்டியின் கீழ் தீ மூட்டுவதைப் பார்ப்பீர்கள். பெட்ரோல் வண்டியில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

வெள்ளியங்கிரிவாசி | டிஸ்கிட்

கார்துங் லா ஏறி நுப்ராவில் இறங்கிவிட்டோம். உச்சியில் அணைத்துவிட்டு நின்றோம். முழுதாகத் திறந்து உதைத்ததும் கிளம்பியது. கடைசிச் சில கிலோமீட்டரில் முதல் கியரைத் தாண்ட முடியவில்லை. இது இயல்புதானா?

இயற்பியல்_ஆசிரியர்

இயல்புதான். 58 சதவீத அடர்த்தியில் என்ஜினின் ஆற்றலும் ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் இருக்கும். எந்தத் திருகாலும் அந்தக் காற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கிளட்சைப் பாதி பிடித்து ஓட்டாதீர்கள், கருகிவிடும். சுமையைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள்.

பனிவழி | ஓசூர்

நாங்கள் நால்வர், அக்டோபர் கடைசியில் டீசல் காரில் ஓசூரிலிருந்து லேவுக்கு. இந்தத் திருகு, சோக் எதுவும் எங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். டீசலில் மெழுகு உறையும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

இ.எம்.இ_ஓய்வு

அக்டோபர் கடைசி என்றால் நிச்சயம் யோசிக்க வேண்டும். நம் நாட்டுத் தர அளவுகளின்படி சாதாரண டீசலின் ஓட்டநிலை (அதற்குக் கீழே குளிர்ந்தால் டீசல் ஓடாது) வரம்பு குளிர்காலத்துக்கு 3 டிகிரி செல்சியஸ், கோடைக்கு 15. சமவெளியில் நிரப்பிய டீசலோடு சர்ச்சுவில் இரவு தங்கினால் மெழுகு படிந்து ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அங்கே நீங்கள் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பேட்டரி இறங்குமே தவிர, வண்டி கிளம்பாது. லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. அது கிடைக்கத் தொடங்கிவிட்டதா என்று லேயில் விசாரித்து, டேங்கில் பழையது முடிந்தவரை தீர்ந்த பிறகு நிரப்புங்கள். போகும் வழியில் சர்ச்சுவில் தங்காமல், இரவைக் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ கழித்துவிட்டு விடியலில் கிளம்பிப் பகல் வெளிச்சத்திலேயே கணவாய்களைத் தாண்டிவிடுங்கள். கிளம்பும் முன் ஓசூரிலேயே டீசல் ஃபில்டரை மாற்றி, அதிலுள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீரும் உறைந்து வழியை அடைக்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அதையும் உறைதடுப்புக் கலவையாக மாற்றிவிடுங்கள். கார் எந்த வருட மாடல், ஹீட்டர் பிளக்கை எப்போது பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.

வெள்ளியங்கிரிவாசி தம்பிக்கு: ஊர் திரும்பும்போது மணாலியில் திருகை இரண்டேகாலுக்கும், சமவெளி இறங்கியதும் இரண்டரைக்கும் கொண்டுவந்துவிடுங்கள். அதுவரை கீழே வேகம் வேண்டாம்.